ஜயிக்கக்கூடிய அபேட்சகர்: ஆபிரகாம் லிங்கன்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஜனாதிபதி தேர்தல் நெருங்குந்தோறும் ஒவ்வொரு கட்சியாரும் முதலில் தமக்குள்ளேயே ஒரு போட்டி நடத்துகின்றனர். கட்சியின் சார்பில் நிற்கவேண்டிய அபேட்சகர் யார் என்பதைக் கட்சி வாக்காளர்களே பிரைமரி என்னும் முதனிலைத் தேர்தல்களில் பெரும்பாலும் நிர்ணயிக்கின்றனர். அப்போது அவர்கள் மனத்தில் எழும் கேள்விகள் இரண்டு. நமக்கு உகந்தவர் யார் என்பது ஒன்று. நம் கட்சியைச் சேராத ஜனங்களின் வோட்டுகளையும் ஈர்த்துப் பொதுத் தேர்தலில் வெல்லத்தக்கவர் யார் என்பது மற்றொன்று. இரண்டுக்கும் ஒருவரே விடையாக அமைந்துவிட்டால் சங்கடமில்லை. பெரும்பாலும் அவ்வாறு அமைவதில்லை.

இக்கேள்வி புதிதன்று. பிரைமரி என்ற ஏற்பாடே தோன்றாத காலத்தில், 1860-ஆம் வருஷம் மே மாதம், சிகாகோ நகரில் கூடிய குடியரசுக் கட்சி மகாநாட்டில் இதே கேள்வி எழுந்தது. அதற்குக் கிடைத்த விடையே ஆபிரகாம் லிங்கன். இன்று உலகம் அவரை மகாபுருஷராகப் போற்றுகிறது. அன்று அவரைத் தெரிந்தெடுத்தவர்களோ மகாபுருஷரைத் தேடி வந்தவர்களல்லர். நான்கு ராஜ்யங்களில் தோற்காத ஒருவரைத் தேடி வந்தவர்கள்.

லிங்கன் 1809-ஆம் வருஷம் பிப்ரவரி 12-ந் தேதி கெண்டக்கி ராஜ்யத்தில், மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டிய ஒரு சிறு குடிசையில் பிறந்தார். தகப்பனார் தாமஸ் லிங்கன் குடியானவர். தச்சு வேலையும் தெரிந்தவர். குடும்பம் 1816-இல் இந்தியானாவுக்கும் 1830-இல் இல்லினாய்ஸுக்கும் குடிபெயர்ந்தது. ஒன்பதாவது வயதில் அவர் தாயை இழந்தார். சிற்றன்னையாக வந்த ஸாரா அம்மையார் சொந்தப் பிள்ளைபோல் வளர்த்தார். பள்ளிக்கூடத்தில் அவர் கழித்த காலமெல்லாம் சேர்த்தாலும் ஒரு வருஷத்துக்கு மேலிராது. மரம் வெட்டினார், வேலிக் கட்டை பிளந்தார், படகில் சரக்கேற்றிக்கொண்டு நியூ ஆர்லியன்ஸ் வரை போய்வந்தார், கடை வைத்து நஷ்டமடைந்தார், தபாலாபீஸ் வேலை பார்த்தார், நிலம் அளந்தார், தாமே சட்டம் படித்து 1836-இல் வக்கீலானார். இக்கதை நமது பள்ளிப்பிள்ளைகளும் அறிந்ததே, ஆதலின் விரிக்கவேண்டுவதில்லை.

ஆனால் அவருடைய முதல் தேர்தலைப் பற்றிச் சொல்லாமல் செல்வதற்கில்லை. 1832-இல், இருபத்து மூன்று வயதில், இல்லினாய்ஸ் சட்டசபைக்கு நின்றார். நான்கு ஸ்தானங்களுக்குப் பதின்மூவர் போட்டியிட்டனர்; லிங்கன் எட்டாமவராக வந்து தோற்றார். ஆனால் அவர் வசித்த நியூ ஸேலம் பகுதியில் விழுந்த 300 வோட்டுகளில் 277 அவருக்கே கிடைத்தன. அறிந்தவர்கள் கட்சி பாராமல் அவரை விரும்பினர். அறியாதவர்கள் திரும்பியும் பார்க்கவில்லை. இந்தச் சிறு வட்டத்தை நாடளவு பெரிதாக்குவதே அடுத்த இருபத்தெட்டு வருஷங்களில் அவர் பட்ட பாடு எனலாம்.

1834 முதல் எட்டு வருஷம் சட்டசபையில் இருந்தார். அவர் சேர்ந்திருந்தது விக் கட்சி. தேசியக் காங்கிரஸின் கீழ்ச்சபைக்கு நிற்க 1843-இல் விரும்பியபோது கட்சிக்குள்ளேயே தோற்றார். தம் முறை வருமட்டும் பொறுத்திருந்து 1846-இல் வெற்றி பெற்றார். அங்கே மெக்ஸிகோ யுத்தத்தைத் தொடங்கியது நியாயமா என்று ஜனாதிபதி போல்க்கைக் கேட்டு, யுத்த வெறி கொண்டிருந்த சொந்த ஊராரின் அதிருப்தியைத் தேடிக்கொண்டார்.

அந்த யுத்தத்தின் வீரராகப் புகழ்பெற்றவர் ஜெனரல் டெய்லர். 1848-இல் விக் கட்சிக்கு அபேட்சகர் தேவைப்பட்டது. லிங்கன் இளமை முதல் தம் அரசியல் குருவாகக் கொண்டிருந்தவர் ஹென்றி கிளே. கிளே மும்முறை ஜனாதிபதி தேர்தலில் நின்று மும்முறையும் தோற்றவர். டெய்லரோ தமது கொள்கை இன்னதென்று சொல்லாதவர்; அடிமைகளை வைத்திருந்த பண்ணை முதலாளி. லிங்கன் குருவை விட்டு டெய்லரின் பக்கம் நின்றார். கிளேயினால் ஜயிக்க முடியாது என்பதே அவர் கூறிய காரணம். கணக்குத் தவறவில்லை, டெய்லர் வென்றார். ஆனால் கொள்கை சொல்லாமல் பெற்ற அந்த வெற்றி கட்சிக்கு ஊட்டமளிக்கவில்லை. சில வருஷங்களுக்குள் விக் கட்சியே சிதறிப்போயிற்று. வெல்லக்கூடியவர் என்ற ஒரே தகுதி எவ்வளவு தூரம் தாங்கும் என்பதை லிங்கன் அருகிலிருந்தே கண்டார்.

பிறகு ஐந்தாறு வருஷம் வக்கீல் தொழிலில் முழுகியிருந்த அவரை 1854-இல் வந்த ஒரு சட்டம் தட்டி எழுப்பியது. மேற்கே புதிதாகக் குடியேறிய பிரதேசங்களில், மிஸௌரி நீங்கலாக, ஒரு குறிப்பிட்ட எல்லைக்கு வடக்கே அடிமை முறை புகலாகாது என்று 1820-இல் ஓர் ஏற்பாடு செய்திருந்தனர். இல்லினாய்ஸ் ஸெனட்டர் ஸ்டீபன் டக்ளஸ் கொண்டுவந்த கான்ஸஸ்-நெப்ராஸ்கா சட்டம் அந்த எல்லையை அழித்து, ஆங்காங்குள்ள குடியேறிகளே வோட்டுப் போட்டு அடிமை முறையை வைத்துக்கொள்ளவோ விலக்கவோ செய்யலாம் என்றது. அந்த வோட்டு வெள்ளையர்களின் வோட்டு என்பதைச் சொல்லவேண்டுவதில்லை. அடிமை முறை பிற்போக்கில் தானே தேய்ந்து மறையும் என்று நம்பியிருந்தவர்கள் திடுக்கிட்டனர். இந்தப் புயலில் பிறந்ததே குடியரசுக் கட்சி.

அக்காலத்தில் ஸெனட்டர்களைத் தெரிந்தெடுப்பது ராஜ்யச் சட்டசபை. 1855 பிப்ரவரியில் லிங்கன் ஸெனட் ஸ்தானத்துக்குப் போட்டியிட்டார். முதல் சுற்றில் அவருக்கு நாற்பதுக்கு மேற்பட்ட வோட்டுகள். லைமன் டிரம்பல் என்பவருக்கு ஐந்தே வோட்டுகள். டிரம்பல் ஜனநாயகக் கட்சியிலிருந்து டக்ளஸின் சட்டத்தை எதிர்த்துப் பிரிந்தவர். அவருடைய ஐவரும் விக் கட்சிக்காரர் ஒருவருக்கு வோட்டளிக்க எக்காரணங்கொண்டும் இசையவில்லை. சுற்றுமேல் சுற்று நடந்தது. நெப்ராஸ்கா சட்டத்தை ஆதரிக்கும் ஒருவர் ஜயித்துவிடும் தறுவாய் வந்தது. லிங்கன் தம் ஆதரவாளர்களை அழைத்து டிரம்பலுக்கு வோட்டளிக்கச் சொன்னார். பத்தாவது சுற்றில் டிரம்பல் வென்றார். கைக்கெட்டியது வாய்க்கெட்டாமற் போன வருத்தம் லிங்கனுக்கு இல்லாமலில்லை. ஆனால் அன்று அவர் இழந்த ஸ்தானம், பழைய ஜனநாயகக் கட்சிக்காரர்கள் பலரை அவருக்கு நண்பராக்கியது. டிரம்பலின் ஐவரில் ஒருவரான நார்மன் ஜட்டை மீண்டும் சிகாகோவில் சந்திப்போம்.

1856-இல் குடியரசுக் கட்சி முதன்முறையாக ஜனாதிபதி தேர்தலில் நின்றது. ஜான் பிரிமான்ட் 114 தேர்வாளர் வோட்டுகள் பெற்று, 174 பெற்ற புக்கானனிடம் தோற்றார். தெற்கில் அக்கட்சிக்கு இடமே இல்லை. வடக்கே பென்ஸில்வேனியா, நியூ ஜெர்ஸி, இந்தியானா, இல்லினாய்ஸ் ஆகிய நான்கும் கைவிட்டதே தோல்விக்குக் காரணம். இந்த நான்கு ராஜ்யங்களிலும் ஜனங்கள் அடிமை முறை பரவுவதை விரும்பவில்லை. அதே சமயம் தீவிரவாதிகள் என்று பெயர் எடுத்தவர்களையும் நம்பவில்லை. நான்கு வருஷங்களுக்குப் பின் 303 தேர்வாளர்களில் 152 பேர் வேண்டியிருந்தனர். பிரிமான்டின் 114-உடன், புதிதாகச் சேர்ந்த மின்னஸோட்டாவின் 4-ஐயும் கூட்டினால் 118. குறைவது 34. பென்ஸில்வேனியாவுக்கு 27, இந்தியானாவுக்கு 13, இல்லினாய்ஸுக்கு 11, நியூ ஜெர்ஸிக்கு 7. பென்ஸில்வேனியாவுடன் மற்ற மூன்றில் ஏதேனும் ஒன்று சேர்ந்தால் வெற்றி. இக்கணக்கை அறியாத கட்சிக்காரர் சிகாகோவில் ஒருவருமிலர்.

இதற்கிடையே 1858-இல் லிங்கன் ஸெனட் ஸ்தானத்துக்கு டக்ளஸையே எதிர்த்து நின்றார். இருவரும் ஏழு ஊர்களில் ஒரே மேடையில் வாதம் புரிந்தனர். பாதி அடிமையாகவும் பாதி சுதந்தரமாகவும் இந்நாடு நிலைத்திராது என்று அவ்வருஷம் ஜூன் மாதத்திலேயே அவர் பகிரங்கமாகச் சொல்லியிருந்தார். ஆனால் இல்லினாய்ஸின் சார்ல்ஸ்டன் ஊரில், கறுப்பு மக்களுக்கு வாக்குரிமையும் சமூகத்தில் சம அந்தஸ்தும் அளிப்பது தமது நோக்கமன்று என்று தெளிவாகக் கூறினார். வோட்டர்களின் துவேஷத்துக்கு அஞ்சிச் சொன்ன வார்த்தை என்பாரும் உண்டு. அக்காலத்தில் அவர் எண்ணமே அதுதான் என்பாரும் உண்டு. எதுவாயினும் அது களங்கமே. அந்தத் தேர்தலில் எவருடைய கதி வழக்காயிருந்ததோ, அவர்களுக்கு வோட்டு இல்லை. 1860-இல் நாட்டில் அடிமைகளாயிருந்தவர்கள் ஏறக்குறைய 40 லட்சம் பேர். வோட்டுள்ளவர்களைக் கவர்வதற்கான விலையை வோட்டில்லாதவர்கள் செலுத்தினார்கள்.

சட்டசபை டக்ளஸுக்கு 54, லிங்கனுக்கு 46 என்று வோட்டளித்தது. லிங்கன் தோற்றார், ஆனால் அவர் பெயர் பத்திரிகைகள் வழியே நாடெங்கும் பரவியது. அடுத்த வருஷம் அவர் செய்த வேலை அமைதியானது. ஒரு ராஜ்யத்துக் குடியரசுக் கட்சியார் தம் ஊரில் கைதட்டல் பெறுவதற்காகச் செய்யும் தீர்மானம் பக்கத்து ராஜ்யத்தில் கட்சியைக் கவிழ்க்கிறது என்று தலைவர்களுக்குக் கடிதங்கள் எழுதினார். மாஸசூஸெட்ஸில் வெளிநாட்டிலிருந்து குடியேறியவர்களின் வாக்குரிமையைக் குறைத்தபோது அதைக் கண்டித்தார். ஜெர்மன் குடியேறிகளுக்காக அவர்கள் பாஷையில் வெளிவந்த ஒரு பத்திரிகையை 1859-இல் தம் பணத்தைக் கொடுத்து வாங்கி, கட்சியை ஆதரிக்கவேண்டும் என்ற நிபந்தனையின் பேரில் பழைய ஆசிரியரிடமே நடத்த விட்டார். இதை ஊரறியச் சொல்லிக்கொள்ளவில்லை. 1860 பிப்ரவரி 27-ந் தேதி நியூயார்க்கில் கூப்பர் யூனியன் மண்டபத்தில் பேசினார். சரியாகப் பொருந்தாத புதுச்சட்டையும் நெட்டையான உருவமுமாக வந்து நின்றவரைக் கண்டு முதலில் ஐயுற்ற நகரத்துக் கனவான்கள், தேசஸ்தாபகர்களின் நோக்கத்தை ஆதாரத்தோடு அவர் எடுத்துக்காட்டிய பேச்சைக் கேட்டு எழுந்து நின்று ஆரவாரித்தனர்.

நிற்க. மகாநாட்டில் முன்னணியில் நின்றவர் லிங்கன் அல்லர். நியூயார்க்கின் வில்லியம் ஸீவர்டு. அவர் கவர்னராயிருந்தவர், பதினோரு வருஷமாக ஸெனட்டர், கட்சியின் மூளையும் நாவுமாக விளங்கியவர். அரசியல் சட்டத்துக்கும் மேலான தர்மம் ஒன்று உண்டு என்று 1850-இலும், இரு முறைகளுக்கும் மோதல் தவிர்க்கமுடியாதது என்று 1858-இலும் அவர் பேசிய பேச்சுகள் கட்சித் தொண்டர்களுக்கு மந்திரம்போலாயின. நடுநிலை வோட்டர்களுக்கு அச்சத்தை ஊட்டின. கவர்னராயிருந்த காலத்தில் கத்தோலிக்கக் குழந்தைகளின் படிப்புக்காகப் பரிந்ததனால், பென்ஸில்வேனியாவில் குடியேறிகளை வெறுத்த கூட்டத்தாரின் பகையும் அவருக்கு இருந்தது. அஃது அவருக்குப் பெருமையே. ஆனால் வோட்டுக்குப் பாதகம். ஒஹையோவின் சேஸ் ஸீவர்டினும் தீவிரமானவர். மிஸௌரியின் பேட்ஸ் மிதவாதி. ஆனால் குடியேறிகளை வெறுத்த கட்சியோடு சேர்ந்திருந்தவராதலின் ஜெர்மானியர் அவரை ஏற்கவில்லை. பென்ஸில்வேனியாவின் காமரனுக்குத் தம் ராஜ்யத்துக்கு வெளியே நல்ல பெயர் இல்லை.

லிங்கனின் உபாயம் எளியது. எவருடைய மனத்தையும் புண்படுத்தாமலிருப்பது. முதற்காதலை இழந்தவர்கள் அடுத்தபடி தம்மை நாடும்படி வைத்துக்கொள்வது. மகாநாட்டைச் சிகாகோவுக்கு வரவழைத்தவர் முன் கூறிய ஜட். அதற்காகவே மரத்தால் எழுப்பிய பெருங்கொட்டகையில் பதினாயிரம் பேர் கூடினர். இந்தியானாவின் லேனும் பென்ஸில்வேனியாவின் கர்ட்டினும் அவ்வருஷம் கவர்னர் பதவிக்கு நின்றவர்கள். ஸீவர்டு நின்றால் அக்டோபரில் தாங்கள் தோற்பது திண்ணம் என்று இருவரும் பிரதிநிதிகளிடம் கூடாரம் கூடாரமாகச் சென்று முறையிட்டனர். மே 17-ந் தேதி மாலையே வோட்டெடுத்திருந்தால் ஸீவர்டு வென்றிருக்கலாம். கணக்கெழுதும் தாள்கள் தயாராகாமையால் மறுநாளுக்கு ஒத்திவைத்தனர். ஸீவர்டை எதிர்த்து வேலை செய்துவந்த பத்திரிகாசிரியர் கிரீலியே அன்றிரவு ஸீவர்டு வெல்வார் என்று தம் பத்திரிகைக்குத் தந்தியடித்தார். லிங்கனின் காரியஸ்தரான டேவிஸ் இரவெல்லாம் உறங்கவில்லை.

மறுநாள் முதல் சுற்றில் ஸீவர்டுக்கு 173½, லிங்கனுக்கு 102. வேண்டியது 233. இரண்டாம் சுற்றில் பென்ஸில்வேனியாவின் 48 வோட்டுகள் லிங்கனிடம் வந்து சேர, 184½-க்கு 181 என்றாயிற்று. மூன்றாம் சுற்றில் லிங்கனுக்கு 231½. ஒன்றரை குறைவு. ஒஹையோ பிரதிநிதி ஒருவர் எழுந்து நான்கு வோட்டுகளை மாற்றினார். ஆபர்ன் ஊரில் ஸீவர்டின் வீட்டருகே வெற்றி முழக்கத்துக்காக நிறுத்தியிருந்த பீரங்கி வெடிக்கவேயில்லை.

தம்மைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் எதுவும் செய்யலாகாதென்று லிங்கன் முன்னரே எழுதியனுப்பியிருந்தார். எனினும் காமரனும் இந்தியானாவின் ஸ்மித்தும் பின்னர் மந்திரிகளாயினர். காமரனை யுத்த இலாகாவின் சீர்கேட்டால் ஒரு வருஷத்துக்குள் விலக்கவேண்டி வந்தது.

ஜனநாயகக் கட்சி அடிமைப் பிரச்னையில் பிளந்து, வடக்கே டக்ளஸையும் தெற்கே பிரெக்கின்ரிட்ஜையும் நிறுத்தியது; நான்காமவராக ஜான் பெல்லும் நின்றார். நவம்பர் 6-ந் தேதி லிங்கன் 180 தேர்வாளர்களைப் பெற்றார். ஜனங்களின் வோட்டில் நூற்றுக்கு 40-க்குச் சற்றே குறைவு. எதிரிகள் பிரிந்ததால்தான் வென்றார் என்று சொல்வது வழக்கம். அது சரியன்று. மற்ற மூவரின் வோட்டுகளை ஒன்றுசேர்த்து எண்ணினாலும் கலிபோர்னியா, ஆரிகான், நியூ ஜெர்ஸி ஆகியவற்றில்தான் முடிவு மாறும். அப்போதும் அவருக்கு 169 மிஞ்சும். ஆனால் இல்லினாய்ஸிலும் இந்தியானாவிலும் அவர் பெற்றது நூற்றுக்கு 51 அளவே. லேனும் கர்ட்டினும் அஞ்சியது வீண் அச்சமன்று.

வெற்றியைப் பற்றிய அவர்கள் கணக்குப் பலித்தது. மனிதரைப் பற்றிய கணக்குத்தான் பொய்த்தது. ஸீவர்டினும் மென்மையானவர் என்று கருதியே பலர் லிங்கனுக்கு வோட்டளித்தனர். டிசம்பர் 20-ந் தேதி தென் கரோலினா பிரிந்தது. அவர் பதவியேற்குமுன் ஏழு ராஜ்யங்கள் போய்விட்டன. புதுப் பிரதேசங்களில் அடிமை முறைக்கு ஓரளவு இடங்கொடுத்துச் சமாதானம் செய்துகொள்ளலாம் என்று பெரிய தலைவர்கள் பலர் தவித்தனர். ஸீவர்டே இணக்கத்தின் பக்கம் சாய்ந்தார். லிங்கன் அந்த ஒரு விஷயத்தில் இம்மியளவும் அசையவில்லை. எதைச் சொல்லி வோட்டுக் கேட்டாரோ அதைத் தோற்றவர்களின் மிரட்டலுக்காகக் கைவிட்டால் தேர்தல் என்பதற்கே பொருளில்லை என்பது அவர் உறுதி. ஸீவர்டு, சேஸ், பேட்ஸ் மூவரையும் தம் மந்திரி சபையில் சேர்த்துக்கொண்டார்.

1861 ஏப்ரலில் மூண்ட யுத்தத்தின் வரலாறு தனியாகச் சொல்லவேண்டிய பெருங்கதை. 1863 ஜனவரி முதல் தேதி, கலகம் செய்த பிரதேசங்களிலுள்ள அடிமைகள் விடுதலை பெற்றதாகப் பிரகடனம் வெளியிட்டார். ஏறத்தாழ 1,80,000 கறுப்பு வீரர்கள் ஐக்கியப் படையில் சேர்ந்தனர். அடுத்த தேர்தல் 1864-இல் வந்தபோது, வெல்லக்கூடியவரா என்ற அதே கேள்வி லிங்கனையே நோக்கித் திரும்பியது. யுத்தம் முடியவில்லை, ஜனங்கள் களைத்துவிட்டனர். அவர் ஜயிப்பது அசாத்தியம் என்று கட்சிக்காரியஸ்தர்கள் ஆகஸ்டில் வந்து சொன்னார்கள். அடிமை விடுதலையைச் சமாதானத்துக்கு நிபந்தனையாக வைப்பதை விட்டுவிட வற்புறுத்தினார்கள். அவர் சில தினங்கள் மனம் தடுமாறியதற்கு அடையாளமுண்டு. ஆயினும் அந்த நிபந்தனையைக் கைவிடவில்லை. தாம் தோற்றால், புதியவர் பதவியேற்குமுன் நாட்டை ஒன்றுசேர்க்க அவரோடு ஒத்துழைக்கவேண்டும் என்று 23-ந் தேதி ஒரு தாளில் எழுதி மடித்து, மந்திரிகளைப் படிக்காமலே கையெழுத்திடச் செய்தார். செப்டம்பர் 2-ந் தேதி அட்லாண்டா நகரம் வீழ்ந்தது. நவம்பரில் லிங்கன் 212 தேர்வாளர்களையும் ஜனங்களின் வோட்டில் நூற்றுக்கு 55-ஐயும் பெற்றார்.

அந்தத் தேர்தலுக்காகக் கட்சி மற்றொரு கணக்கும் போட்டிருந்தது. மெயின் ராஜ்யத்து ஹாம்லின் உபஜனாதிபதியாயிருந்தார். அடிமை முறையின் பழைய எதிரி. அவரால் புதிய வோட்டு எதுவும் வராது என்று விலக்கிவிட்டு, டென்னஸியின் ஆண்ட்ரூ ஜான்ஸனை நிறுத்தினர். ஜான்ஸன் ஜனநாயகக் கட்சிக்காரர். பிரிந்த ராஜ்யங்களின் ஸெனட்டர்களில் ஐக்கியத்தை விட்டு நீங்காதவர் அவர் ஒருவரே. யுத்தத்தை ஆதரித்த ஜனநாயகக் கட்சியாரின் வோட்டை இழுக்க அவரைவிடப் பொருத்தமானவர் இல்லை. இத்தெரிவில் லிங்கனுக்கு எவ்வளவு பங்கு என்பதில் சரித்திர ஆசிரியர்கள் ஒருமுகமாக இல்லை.

1865 ஜனவரி 31-ந் தேதி அடிமை முறையை அடியோடு ஒழிக்கும் திருத்தம் கீழ்ச்சபையில் 119-க்கு 56 என்று நிறைவேறியது. ஏப்ரல் 9-ந் தேதி தென்படைத் தலைவர் லீ சரணடைந்தார். இரண்டு நாள் கழித்து, கல்வியுடையவர்களும் போர்வீரர்களுமான கறுப்பு மக்களுக்கு வாக்குரிமை அளிப்பதைத் தாம் விரும்புவதாக லிங்கன் வெள்ளை மாளிகை ஜன்னலிலிருந்து கூட்டத்தினரிடம் கூறினார். எந்தச் சொல்லை 1858-இல் சார்ல்ஸ்டனில் மறுத்தாரோ அதை இப்போது வாய்விட்டுச் சொன்னார். கூட்டத்தில் நின்று அதைக் கேட்டவர்களில் பூத் என்னும் நடிகனும் ஒருவன். 14-ந் தேதி இரவு நாடகசாலையில் பூத் அவரைச் சுட்டான்; மறுநாள் காலை உயிர் பிரிந்தது.

ஜான்ஸன் ஜனாதிபதியானார். விடுதலையடைந்தவர்களின் உரிமையைக் காக்கும் சட்டங்களை 1866-இல் அவர் நிராகரித்தார்; காங்கிரஸ் அவரை மீறி உரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. 1868-இல் அவர்மீது நடந்த குற்ற விசாரணையில் ஒரே வோட்டில் பதவி தப்பினார். நிறத்தின் காரணமாக எவருக்கும் வாக்குரிமை மறுக்கலாகாது என்னும் 15-ஆவது திருத்தம் 1870-இல்தான் அமுலுக்கு வந்தது. சிகாகோவில் அந்த மரக்கொட்டகை எழுந்து அப்போது பத்து வருஷமாகியிருந்தது.